கருநீலத்துக்கு எந்த மெஷின்

பெயின்டரம்மாவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆகாரத்தை நின்றபடியே விழுங்கினாள். குடிக்க எடுத்த தண்ணீரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனாள். போனதும் எதற்காக வந்தோம் என்பது மறந்துபோகவே, திரும்பி வந்து அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையே ஒரே ஒரு கதவுதான். அக்கதவு அன்று காலை திறந்து மூடிய வேகத்தைக் கண்ட அவள் கணவன், கீல் கழன்றால் மாட்டும் வேலை தன் தலையில்தான் விடியும் என்று எண்ணிக்கொண்டான்.

கணவன் தச்சுவேலைக்காரன். பலகையை அறுத்து, இழைத்து, பொருத்தித் தருவது அவன் பொறுப்பு. அதன்மேல் பெயின்ட் அடிப்பது அவள் பொறுப்பு. பட்டறையின் முன்பகுதி அவனுடையது. பின்பகுதியில், கனத்த பிளாஸ்டிக் திரைக்கு அப்பால், காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறியோடு கூடிய அறை அவளுடையது. அந்த அறையின் கதவில் அவளே கைப்பட எழுதித் தொங்கவிட்ட அட்டை ஒன்று உண்டு: ‘எண்ணெய்க் கையோடும் எண்ணெய்த் தலையோடும் யாரும் உள்ளே வரக்கூடாது.’ முன்னொரு காலத்தில் கணவன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, பெயின்ட் ஈரமாயிருந்த அலமாரிக் கதவு ஒன்றை அருகில் குனிந்து பார்த்துவிட்டான். அன்று அவள் ஆடிய ஆட்டத்தை வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் அவன் சொல்லிச் சிரித்தாயிற்று.

மூன்றாவது ஆள் கணவனின் தங்கை. ஆர்டர் பிடிப்பது, போன் பேசுவது, வண்டி ஏற்பாடு செய்வது எல்லாம் அவள்தான். அண்ணன் விளையாட்டாக வைத்த ‘மேனேஜர்’ என்னும் பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. அவளும் அப்பெயருக்குக் குறை வராமல் நடந்துகொண்டாள். காதில் பென்சில், கையில் அளவு நாடா. முந்தின நாள் மாலை அவள் அந்த நாடாவுடன் பெயின்ட் அறைக்குள் நுழைந்து, சுவரில் உயர உயரமாகச் சில பென்சில் கோடுகள் போட்டுவிட்டு வெளியே வந்ததைப் பெயின்டரம்மா பார்த்தாள். இரவெல்லாம் கண்ணை மூடினால் அந்தக் கோடுகளே தெரிந்தன.

இப்போது அவள் அதை நேராகவே கேட்டாள்.

“சுவர்ல என்ன கோடு?”

“தட்டு அடிக்கறதுக்கு அண்ணி. பலகை அடுக்க.” மேனேஜர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நேத்தே சொன்னேன்ல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு பலகை, பெயின்ட்ல குழி விழாம அடிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா நாளைக்குக் காலைல ஃபேக்டரி வண்டி வந்து பல் டாக்டர் மேசையை ஏத்திக்கிட்டுப் போயிடும். அங்கயே பெயின்ட் அடிச்சு, அடுப்புல வச்சுக் காயவச்சே கொடுத்துடறாங்க. இனிமே வர்ற வேலையையும் அங்கயே அனுப்பிடலாம்.”

“அப்ப இந்த ரூம்ல பலகை அடுக்கிடுவே.”

“மழை வந்தா முன்னாடி எல்லாம் நனையுதுல்ல.”

“என்னை எந்தத் தட்டுல அடுக்கறதா உத்தேசம்?”

மேனேஜர் காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். மறுபடியும் அதே காதில் செருகினாள். “நீங்க ஏன் அண்ணி எதையும் இப்படி மூஞ்சிக்கு நேராவே கேக்கறீங்க” என்று சொல்லிவிட்டு, அடித்திராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

வேலை ஒரு பல் டாக்டருடையது. புதிதாகத் திறக்கவிருந்த கிளினிக்கில் போடுவதற்கு நீளமான வரவேற்பு மேசை ஒன்று கேட்டிருந்தார். முன்முகம் வளைந்து, நெஞ்சளவு உயரத்தில், இரண்டு பகுதிகளாகக் கழற்றிச் சேர்க்கும்படி கணவன் அதைச் செய்து முடித்திருந்தான். நிறம் கருநீலம், கண்ணாடிபோன்ற பளபளப்பு என்பது டாக்டரின் விருப்பம்.

“நாள் பூரா வாய்க்குள்ள வெள்ளையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்மா. மேசையாவது வேற கலர்ல இருக்கட்டும்” என்றார் அவர். பிறகு, “பல்லு சுத்தம் பண்ணி அனுப்பினா, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஜனங்க நாக்கால தடவிக்கிட்டே போவாங்க. அந்த வழவழப்பு வேணும்” என்று சொல்லி, தம் நாக்கைப் பற்களின்மேல் ஓட்டியும் காட்டினார்.

கருநீலம் என்றதுமே பெயின்டரம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே தோன்றின. வெளிர் நிறங்கள் பெருந்தன்மை உடையவை. சிறு பிசகுகளைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். பளபளக்கும் கருநீலமோ சம்பந்தி வீட்டார் மாதிரி. ஒவ்வொரு குறையையும் எடுத்து நடுக்கூடத்தில் வைத்துப் பேசும்.

அப்படியே பேசவும் செய்தது. மேசையில் கை வைப்பதற்கு முன், அதே மரத்தின் மிச்சத்திலிருந்து நறுக்கிய சிறு பலகைகளில் அடித்துப் பார்ப்பது அவளுடைய வழக்கம். தன் பழைய கம்ப்ரசரையும் கிண்ணம் மேலே வைத்த ஸ்ப்ரே கன்னையும் கொண்டு முதற்பலகையை அடித்தாள். புகைபோலப் பறந்து படிந்த பெயின்ட், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆங்காங்கே கடுகளவு விலகிக் குழிந்தது. ஒவ்வொரு குழியின் நடுவிலும் அடிப்பூச்சின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. தொழிலில் இதற்கு மீன்கண் என்று பெயர். எண்ணெயோ மெழுகோ பட்ட இடத்தில் பெயின்ட் நிற்க மறுப்பதால் வருவது. ஆகவே அவள் ஐயம் முதலில் கம்ப்ரசர்மேல் சென்றது. பழைய கம்ப்ரசர் காற்றோடு சேர்த்துத் தன் வயிற்றிலிருக்கும் எண்ணெயையும் கக்கும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாள், குழாயையே மாற்றினாள், மறுபடியும் அடித்தாள். குழிகள் மறுபடியும் வந்தன.

காற்றுதான் குற்றவாளி என்றால் காற்றே இல்லாத மெஷினில் அடித்துப் பார்த்துவிடுவோம் என்று, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஏர்லெஸ் மெஷினை இரவல் வாங்கி வந்தாள். அது காற்றைக் கலக்காமல் பெயின்டையே பெருவிசையுடன் பீய்ச்சி அடிப்பது. வீட்டுச் சுவரை ஒரு பொழுதில் முடித்துவிடும் அந்த அசுரனுக்குச் சிறு பலகை ஒரு வாய்க்கும் போதவில்லை. விளிம்புகளில் பெயின்ட் கண்ணீராக வழிந்தது. வழிசலைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். குழிகளும் அல்லவா கூடவே வந்தன!

மிஞ்சியிருந்தது டர்பைன் மெஷின். அது மேனேஜர் எங்கோ விசாரித்து, வாடகைக் கடையில் சொல்லிவைத்தது. அன்று காலை கடைக்காரர் அதைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். பார்வைக்குத் தரை கூட்டும் மெஷினைப் போல இருந்தது. தடித்த குழாய் ஒன்று அதிலிருந்து பாம்பாக நீண்டது.

“அக்கா, இதுல சத்தம் ஜாஸ்தி, கோபம் கம்மி” என்றார் கடைக்காரர். “உள்ள காத்தாடிதான் சுத்துது. எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. புகையும் பறக்காது. அடிக்கற பெயின்ட் அவ்வளவும் பலகையில போய் உக்காரும்.”

“உக்காருமா, படுக்குமா?”

“உங்க கையில கொடுத்தா நின்னு பேசும் அக்கா.” அவர் குழாயை மாட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

பெயின்டரம்மா மூன்றாவது பலகையை எடுத்தாள். உப்புத்தாளால் தேய்த்தாள், தூசியை ஊதினாள், மிச்சத் தூசியை ஒட்டி எடுக்கும் பிசின் துணியால் துடைத்தாள். கடைசியாக, எப்போதும் செய்வதுபோல், இடது உள்ளங்கையைப் பலகையின்மேல் வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பிறைபோல வளைத்துத் தடவினாள். கண்ணுக்குத் தப்பும் சிறு மேடும் அந்த உள்ளங்கைக்குத் தப்பாது. வலக்கை கன்னைப் பிடித்திருக்க, இடக்கையின் தடவல் முடிந்த பின்னரே விசையை அழுத்துவாள்.

மெஷின் ஓலமிட்டது. வெதுவெதுப்பான காற்றோடு பெயின்ட் மென்மையாகப் படிந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, புகையே இல்லை. ஒரு கணம் அவள் நெஞ்சு நிமிர்ந்தது. மறுகணமே முதற்குழி விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பின்னர் அவை வரிசையாக வந்தன.

அவள் கன்னைக் கீழே வைத்தாள். முகமூடியைக் கழற்றும் பொறுமைகூட இல்லாமல், மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு முன்பகுதிக்குச் சென்று, ஆணி அடித்துக்கொண்டிருந்த கணவனின் தலையை இழுத்து மோந்து பார்த்தாள்.

“என்னடி இது, பட்டப்பகல்ல” என்றான் கணவன்.

“எண்ணெய் வச்சிருக்கீங்களா?”

“நீ விரட்டுன விரட்டுக்கு அப்புறம் எண்ணெய் பாட்டில் பக்கமே போறதில்ல. முடியும் போயிடுச்சு. மோந்து என்ன பண்ணப்போறே?”

மேனேஜர் திரையை விலக்கிக்கொண்டு வந்து மூன்றாம் பலகையைப் பார்த்தாள். காதிலிருந்த பென்சிலை எடுத்து, பலகையைத் தொடாமல் குழிகளை எண்ணினாள்.

“சொல்லிடு, மனசுல வச்சுக்காதே” என்றாள் பெயின்டரம்மா.

“நான் என்ன சொல்லப்போறேன் அண்ணி. மெஷின் மூணு. மூணுலயும் ஒரே மாதிரிக் குழி. நான் வாயையே தொறக்கல.”

“தொறந்துதானே இருக்கு. மெஷின்ல இல்லைன்னா பெயின்ட் டப்பாலதான் கோளாறு. நம்பிக்கை இல்லையா? நீயே அடிச்சுப் பாரு. அதே பெயின்ட், அதே மெஷின். உனக்கும் குழி விழும்.”

“நானா?”

“கன்னைப் பிடிச்சு விசையை அழுத்தறதுக்கு மேனேஜர் வேலை பாத்த அனுபவம் போதும்.”

மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்துச் செருகினாள். பெயின்டரம்மா பலகையை எடுக்கப் போனபோது, “நீங்க தொடாதீங்க. அப்புறம் எல்லாம் நீங்க செஞ்சு கொடுத்ததுன்னு ஆயிடும். நானே தேய்க்கறேன், நானே துடைக்கறேன்” என்று தடுத்து, கணவன் காலையில் அறுத்து அடிப்பூச்சுப் பூசி உலரவைத்திருந்த பலகை ஒன்றை, சூடான தட்டைத் தூக்குவதுபோல் விளிம்பை மட்டும் பற்றி எடுத்து வந்தாள். தேய்த்தது அரைகுறை, துடைத்தது முக்கால்குறை. கன்னை அவள் பிடித்த விதத்தைப் பார்த்த கணவன், செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாளோ என்று மெதுவாகக் கேட்டான். ஒரு மூலையில் பெயின்ட் திரண்டு வழிந்தது. நடுவில் ஆரஞ்சுத் தோல்போலப் பொரிபொரியாக நின்றது.

ஆயினும் குழி விழவில்லை.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். பெயின்ட் அசையாமல் கிடந்தது. ஒரு குழி, பெயருக்கு ஒரு குழி விழாதா என்று பெயின்டரம்மா காத்திருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“பாரு, நம்ம வீட்டுல இன்னொரு பெயின்டர்” என்று கணவன் சொல்லத் தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியை இருமலாக மாற்றிக்கொண்டான்.

மேனேஜர் வெற்றி கொண்டாடவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. “எனக்குச் சந்தோஷமா இல்ல அண்ணி” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். “ஃபேக்டரிக்காரங்க சாயங்காலம் கூப்பிட்டுக் கேப்பாங்க, வண்டியை அனுப்பவா வேண்டாமான்னு. நீங்க கொஞ்சம் உக்காருங்க.”

உட்காருவதாவது! அவள் அறைக்குள் போனாள், வெளியே வந்தாள், மறுபடியும் போனாள். தன் கண்ணா, மணிக்கட்டா, மூச்சா, எது தன்னைக் கைவிட்டது? முன்பகுதியில் துணி போர்த்தி நின்ற மேசையிடம் சென்று, துணியை விலக்கி, அடிப்பூச்சின்மேல் கையால் தடவிப் பார்த்தாள். இந்த வாரத்தில் மனம் அலைந்தபோதெல்லாம் அவள் செய்தது அதுதான். மேசையில் குறை ஒன்றும் இல்லை, பட்டுபோல இருந்தது. பிறகு, வாடிக்கையாக, மாடத்திலிருந்த க்ரீம் குழாயை எடுத்து உள்ளங்கையில் பிதுக்கி இரு கைகளையும் தேய்த்துக்கொண்டாள். பெயின்டை நீர்க்கவைக்கும் தின்னரில் ஊறி ஊறி வெடித்திருந்த அந்தக் கைகளைப் பார்த்து இரக்கப்பட்டு, மேனேஜர் போன வாரம்தான் வாங்கி வந்து கொடுத்த க்ரீம் அது. நாத்தனார் தானாக முன்வந்து கொடுத்த பொருள் என்பதால், தடவாமல் விட்டால் கணக்கு வேறுமாதிரி போகுமே என்று முதலில் தடவினாள். பின்னர் வெடிப்பு மூடியது. பின்னர் அதுவே பழக்கமாயிற்று.

பிற்பகல் வெயில் பின்வாசல் வழியே சாய்வாக உள்ளே வந்தது. சாய்ந்த வெளிச்சம் பெயின்ட்காரர்களின் நண்பன். நேர்வெளிச்சம் மறைப்பதை அது காட்டிக்கொடுக்கும். பெயின்டரம்மா காய்ந்த பலகைகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தாள்: கம்ப்ரசர், ஏர்லெஸ், டர்பைன். நான்காவதாக மேனேஜரின் ஆரஞ்சுத் தோல். எந்த மெஷின் எவ்வளவு கெடுத்தது என்றாவது தெரிந்துகொள்வோம் என்பது அவள் எண்ணம்.

முதலாவதில் பளபளப்பு சிறந்திருந்தது. இரண்டாவது தடித்திருந்தது. மூன்றாவதில் பெயின்ட் சீராக, கனம் மாறாமல் படிந்திருந்தது. இப்படி ஒவ்வொன்றாய் எடைபோட்டுக்கொண்டே வந்தவள், குழிகளைப் பார்த்ததும் நின்றாள். மூன்றிலும் குழிகள் பலகை முழுவதும் இறைந்திருக்கவில்லை. மூன்றிலும் அவை இடப்புற ஓரத்தில் தொடங்கி, மேலே வளைந்து, வலப்புறம் இறங்கின. மெஷின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய்ப் பெயின்டைத் துப்புவது. அவை மூன்றும் கூடிப்பேசிக்கொண்டு ஒரே இடத்தில் தவறு செய்யுமா?

இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமென்று, அவளையும் அறியாமல், இடக்கை எழுந்தது. உள்ளங்கை மூன்றாம் பலகையில் படிந்து, பழகிய தடத்தில் வளைந்து சென்றது. அது சென்ற வழியெல்லாம் குழிகள் விரல்களில் நெருடின. ஒரு குழிகூட அந்தத் தடத்துக்கு வெளியே இல்லை.

அவள் கையை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை வழுவழுவென்று, வெடிப்பு ஏதுமின்றி, வெயிலில் மினுங்கியது.

மாடத்துக்கு ஓடினாள். க்ரீமை எடுத்து, பலகைத் துண்டு ஒன்றின் ஒரு பாதியில் விரலால் தொட்டும் தொடாமலும் தேய்த்தாள்; மறுபாதியை விட்டுவிட்டாள். டர்பைனை ஓடவிட்டு ஒரே இழுப்பாக இரண்டு பாதியிலும் அடித்தாள். விட்ட பாதியில் பெயின்ட் குளம்போல நின்றது. க்ரீம் பட்ட பாதியில், கண்ணெதிரே, குழிகள் பொரிந்தன.

முதலில் வந்தது கோபம். கொண்டுவந்து கொடுத்தவள் யார்? பென்சில் கோடு போட்டவள் யார்? இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவள் மனத்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. “ஏய் மேனேஜர்” என்று கூப்பிட வாய் திறந்தவள், அறைக்கதவில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். எண்ணெய்க் கையோடு யாரும் உள்ளே வரக்கூடாது. எழுத்து அவளுடையது, எழுத்தின் அடியில் போட்ட இரட்டைக் கோடும் அவளுடையது. அந்த அட்டையைத் தள்ளிக்கொண்டு இந்த வாரம் முழுவதும் க்ரீம் கையோடு உள்ளே போனதும் வந்ததும் அவளேதான். ‘யாரும்’ என்று எழுதியபோது தன்னை அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆகவே கூப்பிட்டபோது குரல் வேறாக இருந்தது. மேனேஜர் வந்தாள், பின்னாலேயே கணவனும் வந்தான். பெயின்டரம்மா ஒன்றும் விளக்காமல் இருபாதிப் பலகையைக் காட்டி, க்ரீம் குழாயைப் பக்கத்தில் வைத்தாள்.

மேனேஜர் புரிந்துகொண்டதும் முகம் சுண்டியது. “அப்ப நான்தான் கெடுத்தேனா?”

“நீ கொடுத்தது கைக்கு. நான்தான் பலகைக்கும் சேத்துத் தடவிட்டேன்.”

“அடிக்கறதுக்கு முன்னாடி எதுக்கு அண்ணி தடவறீங்க? தொடைச்சாச்சுல்ல?”

“தடவினாத்தான் மனசு ஆறும்.”

கணவன் அட்டையை ஒருமுறை நிதானமாகப் படித்தான். பிறகு தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். “என் முடி திரும்ப வருமா?” என்று கேட்டான். மேனேஜருக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. பெயின்டரம்மாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு வேறொன்று உறைத்துவிட்டது.

“மேசை” என்றாள்.

இந்த வாரம் முழுவதும், மனம் அலைந்த போதெல்லாம், க்ரீம் தடவிய கையால் அவள் தடவிக்கொண்டே இருந்தது அந்த மேசையைத்தான். அதில் அவள் கை படாத இடம் உள்ளங்கையளவுகூட மிச்சமில்லை. அதன்மேல் அப்படியே அடித்தால் பல் டாக்டருக்குக் கிடைப்பது அம்மைத் தழும்பு முகம்.

மேனேஜர் போனை எடுத்து ஃபேக்டரியின் எண்ணைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், போனைச் சட்டைப்பையில் போட்டாள். “என்ன செய்யணும், சொல்லுங்க” என்றாள்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் அலுப்பூட்டுவது. எண்ணெய் நீக்கும் திரவத்தில் வெள்ளைத் துணியை நனைத்து, ஒரே திசையில் ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு அந்த இரண்டு துணியையும் தூக்கி எறிய வேண்டும். ஆசைப்பட்டு அதே துணியால் இன்னொரு இழுப்பு இழுத்தால், எடுத்த எண்ணெயை மறுபடியும் பூசியதாகிவிடும். கணவனின் பழைய சட்டை, வேட்டி, படுக்கை விரிப்பு என வீட்டிலிருந்த வெள்ளையெல்லாம் கிழிபட்டன. இரண்டு பெண்களும் கையுறை மாட்டிக்கொண்டு, ஒருத்தி நனைக்க, ஒருத்தி ஒற்ற, மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனார்கள். பின்னர் மெல்லிய உப்புத்தாளால் மேலாகத் தேய்த்து, மறுபடியும் முதலிலிருந்து துடைத்தார்கள். முழுநேரமும் பெயின்டரம்மாவின் இடக்கை பரபரத்தது. துடைத்த இடத்தை ஒரேயொரு தடவை, கையுறையோடாவது, தொட்டுப் பார்க்கலாமா என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது.

“அண்ணி, கை” என்றாள் மேனேஜர். கை திரும்பி வந்தது. சற்று நேரம் கழித்து, “அண்ணி.” மறுபடியும் திரும்பி வந்தது.

“எந்த மெஷின்?” என்று கணவன் கேட்டபோது, அவள் தன் பழைய கம்ப்ரசரைப் பார்த்தாள். பளபளப்பில் அதை வெல்ல ஆளில்லை என்பதைப் பலகையே சொன்னது. ஆனால் அது சிறு பலகைக்குப் போதும். மேசையின் நீண்ட வளைவை ஒரே மூச்சில் இழுக்கும்போது அந்தச் சின்னக் கம்ப்ரசருக்கு நடுவழியில் மூச்சு வாங்கும். காற்று குறைந்தால் பெயின்ட் துப்பத் தொடங்கும். பறக்கும் புகையும் திரும்பி வந்து ஈரப்பெயின்டின்மேல் மணல்போல விழும். டர்பைனுக்கு மூச்சு வாங்காது, புகையும் கிடையாது. பெயின்டை மட்டும் இன்னும் சற்று நீர்க்கக் கலக்கினால் அந்த ஆரஞ்சுத் தோலும் வராது.

“உன் மெஷின்தான்” என்று மேனேஜரிடம் சொன்னாள். சொல்வதற்குச் சற்றுச் சிரமப்பட்டாள் என்பது உண்மை. “சத்தம்தான் பிடிக்கல.”

“சத்தம் போடறவங்க கூடவே இத்தனை நாள் குடித்தனம் பண்ணலையா” என்றான் கணவன், எந்தப் பக்கமும் பார்க்காமல்.

மேசையின் பகுதிகளை அறைக்குள் கொண்டுசென்று நிறுத்தினார்கள். பெயின்டரம்மா குச்சியை நனைத்துத் தூக்கி, பெயின்ட் நூலாக இறங்குவதைப் பார்த்து, தின்னர் சேர்த்து, மறுபடியும் பார்த்தாள். கன்னின் வீச்சைச் சரிபார்க்கச் சுவரில் ஓர் இழுப்பு இழுத்தாள். அது தற்செயலா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. பென்சில் கோடுகளில் இரண்டு கருநீலத்தின் அடியில் போய்விட்டன.

மேசையின் முன் வந்து நின்றாள். எல்லாம் ஆயத்தம். இடக்கை தானாக எழுந்தது. மேசையை நோக்கிப் போனது. மேனேஜர் தரையில் கிடந்த தடித்த குழாயைத் தூக்கி அந்தக் கையில் திணித்தாள்.

“இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும் அந்தக் கை. சும்மா இருந்தாத்தானே வம்பு.”

பெயின்டரம்மா குழாயை இறுகப் பற்றிக்கொண்டாள். தடவிப் பாராமல் அடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவைக் கடப்பதுபோல இருந்தது. விசையை அழுத்தினாள். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, நிற்காமல், வளைவோடு வளைவாக நகர்ந்தாள். அடுத்த இழுப்பு முந்தியதன் பாதியை மூடிக்கொண்டு போயிற்று. குழாயின் மறுமுனையை மேனேஜர் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் நகர நகரத் தானும் நகர்ந்தாள். முடித்ததும் மெஷினை நிறுத்தினார்கள். இருவரும் மேசையைப் பார்த்தபடி நின்றார்கள். பெயின்ட் மெல்ல மெல்லத் தானாகவே சமனடைந்து, விளக்கின் உருவத்தை முதலில் கலங்கலாகவும் பின்பு தெளிவாகவும் காட்டியது. குழி விழவில்லை.

போன் அடித்தது. மேனேஜர் வெளியே போய்ப் பேசினாள். “வண்டி வேண்டாங்க” என்பது மட்டும் திரைக்கு இப்பால் கேட்டது. அதே நேரத்தில் வந்து நின்ற வாடகைக் கடைக்காரரை, நாளைக்கு வாருங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். இரண்டாம் பூச்சும் முடிந்த பிறகு அறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். “உங்களை நம்ப முடியாது அண்ணி” என்றாள்.

மறுநாள் காலை பல் டாக்டர் வந்தார். பெயின்டரம்மா அவருக்குப் பின்னால், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கோத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வளைவின் முன் குனிந்தார், இன்னும் குனிந்தார். குறை கண்டுவிட்டாரோ என்று பெயின்டரம்மாவின் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டன. டாக்டர் மெதுவாக உதடுகளை விரித்து, கருநீலத்தில் தெரிந்த தம் பற்களை மேல்வரிசை, கீழ்வரிசை என்று பார்த்தார். பிறகு சுண்டுவிரல் நகத்தால் எதையோ எடுத்துவிட்டு, மறுபடியும் சரிபார்த்தார்.

“காலைல தேச்சுட்டுத்தான் வந்தேன்” என்றார் நிமிர்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு. “வண்டி எப்ப அனுப்பறீங்க?”

அவரும் கணவனும் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே முன்பகுதிக்குச் சென்றார்கள். மேனேஜர் மட்டும் நின்றாள். காதிலிருந்த பென்சிலை எடுத்து, சுவரில் மீதமிருந்த கோடுகளை அதைக்கொண்டு சுட்டிக்காட்டினாள்.

“அண்ணி, இதை அழிச்சுடறேன்.”

“எதுக்கு? நாளைக்கு அடுத்த வேலை வந்தா கன்னை எங்க அடிச்சுப் பாக்கறது? அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றாள் பெயின்டரம்மா. பிறகு மாடத்திலிருந்த க்ரீம் குழாயை எடுத்து அவள் கையில் வைத்து, “இதை வீட்டுக்குள்ள, படுக்கைப் பக்கத்துல வச்சுடு. ராத்திரி தடவிக்கறேன். நல்ல க்ரீம்” என்றாள்.